ஒப்பனை எழுத்துகளும் நம் பெயரும்

பெயரை அழகாக எழுதிப் பார்ப்பதில் நமக்கெல்லாம் தனி ஆசை உண்டு. பள்ளி திறந்து புதுக் குறிப்பேடு கைக்கு வந்ததும், முதற்பக்கத்தில் பெயரைச் சுழித்தும் வளைத்தும் எழுதி, ஓரத்தில் ஒரு கொடியும் இரண்டு பூவும் வரைந்த பிறகுதான் பாடமே தொடங்கும். அந்த ஆசைதான் இன்று கைப்பேசியிலும் புகுந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம், முகநூல், வாட்ஸாப் ஆகியவற்றில் தோழியர் தங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்தியின் பெயர் தடித்த எழுத்தில் நிற்கும். இன்னொருத்தியின் பெயர் திருமண அழைப்பிதழில் அச்சிட்டாற்போல் சரிந்து ஓடும். மூன்றாமவளின் பெயரில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வட்டத்துக்குள் அமர்ந்திருக்கும். நான்காமவளோ தன் பெயருக்கு இருபுறமும் சிறகு கட்டியிருப்பாள்.

பள்ளிக் கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் இவ்வாண்டு இந்த ஒப்பனை எழுத்துகளைப் பற்றிச் சற்று ஆராய்ந்தோம். இவை எங்கிருந்து வந்தன, யாருக்காகச் செய்யப்பட்டன, நம் பெயரை இவற்றால் எழுதினால் அந்தப் பெயருக்கு என்ன நேர்கிறது என்பதைத் தங்கையருக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறோம். பெற்றோரும் அருட்சகோதரியரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆறாம் வகுப்புத் தங்கைகள் இதைப் பாடமாக மட்டும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் இந்த எழுத்துகள் கிடைக்கும் வழியைப் பார்ப்போம். புரொஃபைலில் பெயர் எழுதும் கட்டத்தில் எழுத்தைத் தடிப்பாக்கவோ சாய்க்கவோ எந்தப் பொத்தானும் கிடையாது. அது வெறும் எழுத்தை மட்டுமே வாங்கும் கட்டம். ஆகவே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இதற்கென்றே உள்ள இணையப் பக்கத்துக்கோ செயலிக்கோ போய்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள். அது ஐம்பது அறுபது விதமான பெயர்களை வரிசையாக அடுக்கித் தருகிறது. பிடித்ததைப் படியெடுத்துக் கொண்டுவந்து கட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு எழுத்து உடை மாற்றிக்கொண்டு வந்தது போலத்தான் இருக்கும். உண்மையில் அங்கே மாறியது உடையன்று, ஆளே மாறிவிட்டாள்.

இது விளங்க வேண்டுமானால், கைப்பேசிக்கு எழுத்து என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுத்து வைத்திருக்கும் பெரும்பட்டியலுக்கு யூனிகோடு என்று பெயர். தமிழில் ஒருங்குறி என்கிறோம். 1991-ஆம் ஆண்டு இதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் இதில் இருக்கின்றன. நம் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகரத்தின் எண் 2949. நாளிதழின் தலைப்பில் கொட்டை எழுத்தாக நின்றாலும், அழைப்பிதழில் மெலிந்து வளைந்து நின்றாலும், அகரம் அதே 2949 தான். அதன் மீது போர்த்தும் எழுத்துருதான் மாறுகிறது. எழுத்தும் எழுத்துருவும் வேறு வேறு என்ற இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

ஸ்டெல்லா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள். அவற்றின் எண்கள் 83, 116, 101, 108, 108, 97. இதே பெயரை ஒப்பனைச் செயலியில் கொடுத்து, தடித்த கையெழுத்து வடிவில் வாங்கினால் வரும் எண்கள் 120034, 120061, 120046, 120053, 120053, 120042. செயலி செய்தது ஒரு சின்னக் கூட்டல்தான். பெரிய எழுத்துடன் 119951-ஐயும், சிறிய எழுத்து ஒவ்வொன்றுடனும் 119945-ஐயும் கூட்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் பென்சிலால் செய்துவிடக்கூடிய கணக்கு! ஆனால் கூட்டி முடித்த பிறகு ஆங்கில எழுத்து என்று சொல்ல அந்தப் பெயரில் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணுக்கு ஸ்டெல்லா என்று தெரிகிறது. கைப்பேசிக்கோ அது ஆறு கணிதக் குறிகள்.

கணிதக் குறிகளா என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. ஆம், அவை கணிதம் எழுதுவோருக்காகவே செய்யப்பட்டவை. மேல்வகுப்பு இயற்பியல் நூலில் திசையுள்ள அளவுகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே தடிப்பு என்பது அழகுக்காக வந்ததன்று. பொருளே அதில்தான் இருக்கிறது. அதே எழுத்து மெலிந்திருந்தால் வேறொரு பொருள். உயர்கணிதத்தில் இது இன்னும் கூடுதல். சுழித்து எழுதிய எச் ஹாமில்டோனியன் என்னும் அளவைக் குறிக்கும். சாதாரண எச் காந்தப் புலத்தைக் குறிக்கும். இரண்டும் ஒரே சமன்பாட்டில் வரக்கூடும். எழுத்துருவை மாற்றும்போது சுழிப்பு தொலைந்துபோனால் சமன்பாடே வேறாகிவிடும். இந்த இடரைத் தவிர்க்கத்தான் 2001-ஆம் ஆண்டு, யூனிகோடின் 3.1 பதிப்பில், தடித்தது, சாய்ந்தது, சுழித்தது, பழைய ஜெர்மன் அச்சு வடிவம் எனப் பல வகைக் கணித எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் தரப்பட்டன. இன்று அந்தப் பகுதியில் 996 குறிகள் இருக்கின்றன. கணிதத்துக்கு மட்டுமே இவற்றைப் பயன்படுத்த வேண்டும், சாதாரண எழுத்துக்கு அன்று என்பதே யூனிகோடு நூலின் கருத்து. பேராசிரியர்களுக்காகத் தைத்த அங்கியை நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு வெற்றிடம். சாய்ந்த சிறிய எழுத்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது எச் வர வேண்டிய 119893-ஆம் இடம் காலியாகக் கிடக்கிறது. காரணம் என்ன தெரியுமா? இயற்பியலில் பிளாங்க் மாறிலிக்குச் சாய்ந்த சிறிய எச் தான் குறியீடு. மாக்ஸ் பிளாங்க் 1900-ஆம் ஆண்டு புகுத்திய மாறிலி அது. அதற்கு முன்னரே 8462 என்ற எண் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒரே குறிக்கு இரண்டு எண் எதற்கு என்று இங்கே இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். ஆகையால் தன் பெயரைச் சாய்ந்த எழுத்தில் மாற்றிக்கொள்ளும் பெண்ணின் பெயரில் சிறிய எச் இருந்தால், அவள் தன்னை அறியாமலேயே நடுவில் பிளாங்க் மாறிலியைச் சுமந்துகொண்டு திரிகிறாள்! சில செயலிகள் இதைக் கவனியாமல் கூட்டல் மட்டும் செய்துவிடும். அப்போது அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும்.

மற்ற வடிவங்களின் பிறப்பும் இதைப் போன்றதே. வட்டத்துக்குள் உள்ள எழுத்துகள், கிழக்காசிய நாடுகள் பழைய நாளில் வைத்திருந்த குறியீட்டுப் பட்டியல்களிலிருந்து வந்தவை. குட்டையான பெரிய எழுத்துகளும் தலைகீழ் எழுத்துகளும் பெரும்பாலும் ஒலிப்பியல் அறிஞர்களுடையவை. நம் ஆங்கில அகராதியில் சொல்லின் ஒலிப்பைக் காட்டும் இடத்தில் தலைகீழாக ஓர் ஈ எழுத்து வருமே, அந்தக் குடும்பம். வேறொரு பாணி இன்னும் வேடிக்கையானது. ஆங்கில எழுத்தைப் போல் தோன்றுகிற பிறமொழி எழுத்துகளைப் பொறுக்கி எடுத்துக் கோத்துவிடுவார்கள். ஏ எழுத்துக்குப் பதில் தாய்லாந்து மொழியின் ஓர் எழுத்து, எஸ் எழுத்துக்குப் பதில் இன்னொன்று, இடையில் ஒரு கிரேக்க எழுத்து, ஓர் எபிரேய எழுத்து. தாய் மொழி படித்த ஒருவர் அதைப் பார்த்தால், ஏ என்று நாம் நினைப்பதைக் ககரத்தை ஒத்த மெய்யாகவும், எஸ் என்று நாம் நினைப்பதை ரகரமாகவும்தான் படிப்பார். நம் மொழியின் எழுத்தை வேறொரு நாட்டார் உருவம் பார்த்து மட்டும் எடுத்து இப்படிக் கோத்தால் நமக்கு எப்படி இருக்கும்!

சிறகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைப்பேசி விளையாட்டுகளில் தம்பிமார் தங்கள் பெயருக்கு இருபுறமும் வைத்துக்கொள்ளும் அந்த இறக்கைகள் ஜாவானிய எழுத்து முறையைச் சேர்ந்தவை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் தலைப்புகளுக்கு இருபுறமும் அணியாக இடும் குறிகள் அவை. ரெரெங்கான் என்பது பெயர். எண்கள் 43457, 43458. 2009-ஆம் ஆண்டு யூனிகோடில் சேர்ந்தன. இந்த ஜாவானிய எழுத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அது காவி என்னும் பழைய எழுத்திலிருந்து பிறந்தது. காவியோ, காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்தது. கடல் கடந்து போன எழுத்தின் பேரப்பிள்ளை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, துப்பாக்கி விளையாட்டில் நம் வீட்டுப் பையன் பெயருக்குத் தோரணமாக வந்து நிற்கிறது. வரலாற்று ஆசிரியைக்கு இதைச் சொன்னோம்; அவர் நெடுநேரம் சிரித்தார்.

இதுவரை சொன்னவை அறிவுக்குச் சுவையானவை. இனிச் சொல்லப்போவதுதான் எங்களை இக்கட்டுரை எழுதவைத்தது.

இவ்வாண்டு பழைய மாணவியர் கூட்டத்துக்கு ஓர் அக்கா வந்திருந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நம் பள்ளியில் படித்து, பட்டம் பெற்று, இப்போது வங்கி ஒன்றில் பணியாற்றுகிறார். கைப்பேசியைக் காதருகில் வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி, நாங்கள் கண்ணால் படிப்பதைவிட வேகமாகச் செய்திகளைக் கேட்டுவிடுகிறார். இதற்கென்று திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று பெயர். அக்கா பழைய மாணவியர் வாட்ஸாப் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து எங்களையும் கேட்கச் சொன்னார். பெயர்கள் மளமளவென்று வந்தன. ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், எல்லாம் தடையின்றி வந்தன. திடீரென்று கைப்பேசி, "மேத்தமேட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் கேப்பிட்டல் எஸ், மேத்தமேட்டிக்கல் போல்ட் ஸ்கிரிப்ட் ஸ்மால் டி" என்று ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனது. ஓர் எழுத்துக்கு ஐந்து சொற்கள். ஆறெழுத்துப் பெயருக்கு முப்பது சொற்கள். பாதியிலேயே பெயர் எங்கே தொடங்கியது என்பது எங்களுக்கு மறந்துவிட்டது.

அடுத்து வந்த பெயர் இன்னும் மோசம். கைப்பேசி ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அக்கா விரலைப் பின்னால் இழுத்து மறுபடி வைத்தார், மறுபடியும் மௌனம்.

"இந்த இடத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. யாரென்றுதான் தெரியவில்லை. யாரம்மா அது?" என்று கேட்டார்.

நாங்கள் பார்த்துச் சொன்னோம். பள்ளி நாளில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, கரும்பலகையில் உள்ளதைப் படித்துக் காட்டிய தோழியின் பெயர் அது. மூன்று மாதமாக அவள் குழுவில் இருக்கிறாள்; அக்காவுக்குத் தெரியாது.

திரைவாசிப்பான்கள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில முழுப் பெயரையும் நீட்டிப் படிக்கின்றன. சில விட்டுவிட்டுப் போகின்றன. சில புதிய பதிப்புகள் சரியாகவே படித்துவிடுகின்றன. விண்டோஸ் கணிப்பொறிகளில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை 2006-ஆம் ஆண்டு தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். அதன் 2024.3 பதிப்பில், இத்தகைய ஒப்பனை எழுத்துகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். சமூக ஊடகங்களில் இவை பெருகிவிட்டதால் அந்த வேலை வந்து சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த வசதியைத் தேடி அமைத்துக்கொள்ள வேண்டும்; பழைய கைப்பேசி வைத்திருப்பவருக்கு அது வந்து சேராது. நாம் ஒரு பெயரை ஒட்டி வைத்துவிட்டுப் போவோம். அதைத் திரும்ப எழுத்தாக்கும் பாடு கேட்பவர் தலையில் விழும்.

பார்வையுள்ளவர்களுக்கும் இதனால் தொல்லை உண்டு. தேடும் கட்டத்தில் நாம் தட்டுவது 83, 116 என்ற எண்கள். பட்டியலில் இருப்பது 120034, 120061. இரண்டையும் ஒன்றென்று பார்க்கும்படி சொல்லித்தரப்படாத செயலி, அப்படி ஒருவர் இல்லை என்று கைவிரித்துவிடும். இருநூறு பேர் உள்ள குழுவில் அவசரமாக ஒருத்தியின் எண் தேவைப்படும் நேரத்தில் அவளைத் தேடிப் பாருங்கள், தெரியும். அகர வரிசையிலும் அவள் தன் இடத்தில் இருக்கமாட்டாள்; எண் பெரிதல்லவா, எல்லாருக்கும் பின்னால் போய் நிற்கக்கூடும். எழுத்துரு இல்லாத பழைய கைப்பேசிகளில் பெயர் முழுவதும் கட்டம் கட்டமாக வரும்.

இங்கே பெற்றோருக்குப் பழைய நினைவு ஒன்று வரக்கூடும். ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழைக் கணிப்பொறியில் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டினார்கள். அப்போது உள்ளே இருந்தது ஆங்கில எழுத்தின் எண். மேலே போர்த்தியது தமிழ் வடிவம். பாமினியில் அம்மா என்று எழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நிற்கும். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய மின்னஞ்சலை அச்சடித்துப் பார்த்து, இது என்ன மொழி என்று திகைத்த வீடுகள் எத்தனை! அன்று எண் ஆங்கிலம், உருவம் தமிழ். இன்று எண் கணிதம், உருவம் ஆங்கிலம். அந்த நோயிலிருந்து தமிழை மீட்கப் பலர் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். தமிழக அரசும் 2010-ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. பெரியவர்கள் மெனக்கெட்டு விலக்கிய ஒன்றைப் பிள்ளைகள் விளையாட்டாகத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம்.

குறுஞ்செய்தி அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு சிறு கணக்கு. சாதாரண ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். அதில் ஒரே ஓர் ஒப்பனை எழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் வேறு முறைக்கு மாறி, 70 இடங்களாகச் சுருங்கிவிடும். கணித எழுத்து ஒவ்வொன்றும் அதில் இரண்டிரண்டு இடம் பிடிக்கும். ஆக, முழுவதும் அப்படி எழுதினால் 35 எழுத்துகளோடு சரி.

இனி, சற்று அஞ்சத்தக்க பக்கம் ஒன்று உண்டு. ஒரே உருவத்துக்குப் பல எண்கள் இருப்பதால், பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு பெயர்களை இரண்டு பேர் வைத்துக்கொள்ள முடியும். ஒருத்தியின் படத்தையும் எடுத்து, அவள் பெயரையும் உருவம் மாறாமல் வேறு எண்களால் எழுதி, அவளைப் போலவே ஒரு கணக்குத் தொடங்கிவிட்டால் தோழியர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு ஸ்பாட்டிஃபை என்னும் இசை நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனமே எழுதி வெளியிட்டது. அங்கே பிக்பேர்ட் என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது. வேறொருவர் அதே பெயரை, மேல்வரியில் குட்டையாக நிற்கும் ஒலிப்பியல் எழுத்துகளால் எழுதிப் புதுக்கணக்குத் தொடங்க முடிந்தது. நிறுவனத்தின் கணிப்பொறி அந்தப் பெயரை முதல் முறை எளிமையாக்கியபோது பெரிய எழுத்தில் பிக்பேர்ட் என்று வந்தது. அப்படி ஒரு கணக்கு இல்லையே என்று அனுமதித்துவிட்டது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டபோது அதே பெயரை இரண்டாம் முறை எளிமையாக்கியது; இம்முறை சிறிய எழுத்தில் பிக்பேர்ட் என்று வந்தது. அது முதலாமவரின் பெயர்! வந்தவர் கையில் அவருடைய கணக்கின் சாவியே போய்ச் சேர்ந்தது. பின்னர் பிழையைத் திருத்திக்கொண்டார்கள். 2017-ஆம் ஆண்டு ஓர் ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் இணைய முகவரியைப் போலவே தோன்றும் ஒன்றை முற்றிலும் ரஷ்ய வகை எழுத்துகளால் அமைத்துக் காட்டினார். உலாவிகளைச் செய்வோர் அவசரமாகத் திருத்தம் செய்ய நேர்ந்தது.

இன்ஸ்டாகிராமில் பயனர்பெயர் என்று கீழே வரும் பெயரில் சாதாரண ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. காரணம் இப்போது புரிந்திருக்கும். ஒப்பனைக்கு இடம் கொடுப்பது மேலே காட்டும் பெயரிலும், 150 எழுத்துக்குள் எழுதும் அறிமுகத்திலும் மட்டுமே. தோழியின் பெயரில் புதிதாக ஓர் அழைப்பு வந்தால், மேலே உள்ள பெயரைப் பார்த்து மயங்காமல் இந்தப் பயனர்பெயரை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் அழகே வேண்டாமா என்று எங்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸாப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்துத் தெரியும். அடிக்கோடு இட்டால் சாயும். 2016-ஆம் ஆண்டு முதல் இந்த வசதி இருக்கிறது. அங்கே எழுத்தின் எண் மாறுவதில்லை; போர்வைதான் மாறுகிறது. ஆகவே செய்திகளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். படம் வைக்கும் இடத்தில், நம் கையாலேயே பெயரை வண்ணத்தில் எழுதிப் படமெடுத்து வைக்கலாம். எந்தச் செயலியும் தரும் ஐம்பது வடிவங்களைவிட அது நமக்கே உரியது. தமிழில் பெயர் எழுதுவோருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கணித நூலார் தமிழ் எழுத்தைக் குறியீடாகக் கொள்ளாததால், யூனிகோடில் தடித்த தமிழும் சாய்ந்த தமிழும் தனியாகக் கிடையாது. அதனால் ஒப்பனைச் செயலிகள் தமிழை அப்படியே திருப்பித் தந்துவிடுகின்றன. அக்காவின் கைப்பேசி தமிழ்ப் பெயர்களையெல்லாம் தடுமாறாமல் படித்ததற்கு அதுவே காரணம்.

பூ, இதயம், நட்சத்திரம் ஆகிய குறிகளைப் பற்றியும் தங்கையர் கேட்பீர்கள். அவற்றுக்கும் பெயர் உண்டு; திரைவாசிப்பான் அந்தப் பெயரைச் சொல்லும். பெயருக்குப் பின்னால் ஒரு இதயம் இருந்தால், சிவப்பு இதயம் என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போகும். ஏழு இதயம் வைத்தால் ஏழு முறையும் கேட்கும்படி ஆகலாம். பெயருக்கு முன்னால் வைத்தால் அத்தனையும் கேட்ட பிறகுதான் பெயர் வரும். ஆகவே ஒன்று போதும். அதுவும் பின்னால் இருக்கட்டும்.

உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல் வசதி என்னும் பகுதியில் டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ இயக்கி, உங்கள் புரொஃபைல் பெயர் மீது விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முடிந்தால் தோழியின் பழைய கைப்பேசியிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இயக்கிய பிறகு கைப்பேசி தொடும் முறை மாறிவிடும். ஒரு முறை தொட்டால் படிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும். நிறுத்தும் வழியை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டிவரும். பெயர் சரியாக ஒலிக்காவிட்டால் அதை அழித்துவிட்டு, விசைப்பலகையில் நேராகத் தட்டுங்கள். ஸ்டெல்லாவுக்கு ஆறு தட்டல்கள். பழைய மாணவியர் குழுவில் அந்தத் தோழி அன்று மாலையே அதைச் செய்துவிட்டார். மறுநாள் காலையில் அக்கா அவருக்கு அனுப்பிய குரல் செய்தி நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடியது என்று கேள்விப்பட்டோம்.